பாளையங்கோட்டைக் கடையில் வாங்கிய இன்லைன் ஸ்கேட்

1980ஆம் ஆண்டு லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரையிலான ஐந்து வேகச் சறுக்குப் பந்தயங்களிலும் தங்கம் வென்று, அமெச்சூர் வீரராகவே பனித்தடத்தை விட்டு விலகி, பின்னர் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரான எரிக் ஹைடனின் வாழ்க்கையை என் மகள் படித்ததன் விளைவே இந்தக் கொள்முதல். பனியே காணாத திருநெல்வேலிச் சீமையில், அவரைப் போல் இடுப்பைத் தாழ்த்திக் கால்களைப் பக்கவாட்டில் உந்திப் பழகுவதற்கு, நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இந்தக் காலணி போதுமானது. கணுக்காலைப் பிடிக்கும் பட்டை உறுதியாக உள்ளது. பேரிங்குகளும் சத்தமின்றிச் சுழல்கின்றன. சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் சக்கரங்கள் விரைவாகத் தேய்வதே பெருங்குறை. மாற்றுச் சக்கரங்களையும் கடைக்காரர் வெளியூரிலிருந்துதான் வரவழைத்துத் தருகிறார். தலைக்கவசத்தையும் முழங்கால் காப்பையும் தனியே விற்பது (விழாமல் கற்றவர் எவர்?) எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. வழவழப்பான சிமெண்ட் தளம் அருகில் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம்.