மலைக்காட்டு டிஸ்க் கோல்ஃப்: டீயில் மிட்ரேஞ்சா, டிரைவரா?

டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டு போன்ற டிஸ்க்கை வீசிக் கூடையில் போடும் ஆட்டம். அதிக தூரத்துக்கான டிஸ்க் டிரைவர், நடுத்தர தூரத்துக்கானது மிட்ரேஞ்ச். முதல் வீச்சு வீசும் இடமான டீயிலிருந்து 20 மீட்டர் தள்ளி இரண்டு மரங்கள், நடுவே 2 மீட்டர் இடைவெளி. டிஸ்க்கின் விட்டம் 21 செ.மீ. வீச்சு இரண்டரை டிகிரிக்கு மேல் விலகினால் மரத்தில்தான் அடிக்கும். காட்டு ஆட்டத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்; தூரமெல்லாம் அப்புறம்.

கீழே வருவதெல்லாம் வலக்கை பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே பின்னால் கொண்டுபோய் வீசும்) வீச்சுக்கான கணக்கு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தரப்படும் நான்கு எண்கள் வரிசையாக வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலப்பக்கம் சாய்வது (டர்ன்; -1ஐவிட -2 அதிகம் சாயும்), முடிவில் இடப்பக்கம் சாய்வது (ஃபேட்).

டிஸ்டன்ஸ் டிரைவருக்கு எடுத்துக்காட்டு டெஸ்ட்ராயர்: 12, 5, -1, 3. முழு வேகத்தில் வீசினால்தான் வலப்பக்கம் போய்த் திரும்பும். அந்த வளைவு விரிய அகலமான திறந்தவெளி வேண்டும். காட்டில் அது கிடைக்காது. அடக்கி வீசினாலோ சீக்கிரமே இடப்பக்கம் விழுந்துவிடும். மலையின் உயரம் இதை இன்னும் மோசமாக்குகிறது. 2000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 18 சதவீதம் குறைவு. அதனால் டர்ன் குறையும், ஃபேட் முந்திக்கொள்ளும். சரிவில் இன்னொரு ஆபத்தும் உண்டு: செங்குத்தாகச் சாய்ந்து இறங்கும் டிஸ்க் விளிம்பில் விழுந்து, சக்கரம் மாதிரி பள்ளத்துக்கு உருண்டோடிவிடும். தேட 3 நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு அபராதம்.

மிட்ரேஞ்ச் மாக்கோ3 (5, 5, 0, 0) அப்படியில்லை. அரை வேகத்தில் வீசினாலும் நேர்கோட்டிலிருந்து விலகாது, தட்டையாக இறங்கி அங்கேயே உட்காரும். தூரம் குறையும், உண்மைதான். ஆனால் மரத்தில் மோதிப் புதருக்குள் விழுந்த டிரைவரை வெளியே எடுத்துப் போடவே ஒரு வீச்சு போய்விடுமே! பெரும்பாலான குழிகளுக்கு (டீ முதல் கூடை வரையிலான பாதைகளுக்கு) எங்கள் ஓட்டு மிட்ரேஞ்சுக்குத்தான்.

மிட்ரேஞ்சுக்கும் டிஸ்டன்ஸ் டிரைவருக்கும் இடைப்பட்ட ஃபேர்வே டிரைவர், நீண்டு வளையும் குழிகளுக்கு மட்டும். அதிலும் டீபேர்டைவிட (7, 5, 0, 2) லெப்பர்டே (6, 5, -2, 1) மலைக்கு ஏற்றது. மெல்லிய காற்றில் குறையும் டர்ன்னை அதன் -2 ஈடுகட்டுகிறது. அடிபட்டுப் பழசான லெப்பர்டைத் தூக்கி எறியாதீர்கள். சமவெளியில் வலப்பக்கம் கவிழும் அதே டிஸ்க், மேலே நேராகப் போகும்.

ஏற்றத்தில் எந்த டிஸ்க்கானாலும் ஒரே தவறுதான் நடக்கிறது: மேலே போக வேண்டுமே என்று மணிக்கட்டால் டிஸ்க்கின் மூக்கை (முன்விளிம்பை) தூக்குகிறார்கள். காற்று அடியில் அறைந்து, டிஸ்க் பாதியிலேயே நின்று இடப்பக்கம் சரிகிறது. கையைப் பின்னால் கொண்டுபோகும்போதே தாழ்த்தி, தோள்கோட்டைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து வீசுங்கள். மூக்கு, போகும் பாதையையே பார்க்கட்டும். இறக்கத்தில் இதற்கு நேர்மாறாக முன்தோள் தாழ வேண்டும். டிஸ்க் அங்கே காற்றில் கூடுதல் நேரம் இருப்பதால் இருக்கிற ஃபேட் முழுவதும் வெளிப்படும். ஃபேட் பூஜ்யமான மாக்கோ3 அங்கேயும் டெஸ்ட்ராயரை முந்துவது அதனால்தான்.