பச்சை சார்ட்ரூஸ்: வீட்டிலேயே ஒரு ஸ்விசில்

விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சார்ட்ரூஸ் ஸ்விசில் என்ற இந்த ஒரு காக்டெயிலுக்காகவே பச்சை சார்ட்ரூஸ் என்ற மூலிகை மது பாட்டிலை வாங்கலாம் என்பேன். பிரெஞ்சு ஆல்ப்ஸ் பகுதியின் கார்த்தூசியத் துறவிகள் 130 வகை மூலிகை, செடிகளைக் கொண்டு தயாரிப்பது, செய்முறை இன்றும் ரகசியம். 55 சதவீத ஆல்கஹால் என்பதால் தனியாகக் குடித்தால் தொண்டை எரியும், இனிப்பும் தூக்கல். அன்னாசியோடு சேரும்போதுதான் இதன் முழு அழகு தெரிகிறது.

ஸ்விசில் என்றால் நொறுக்கிய ஐஸோடு கடைந்து தயாரிக்கும் காக்டெயில். சார்ட்ரூஸ் ஸ்விசில் 2003 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் பார்டெண்டர் மார்கோவால்டோ டியோனிசோஸ் உருவாக்கியது. சார்ட்ரூஸ் 45 மி.லி., அன்னாசிச் சாறு 30, எலுமிச்சைச் சாறு 22, ஃபலர்னம் 15. உயரமான கிளாஸில் ஊற்றி, நொறுக்கிய ஐஸ் நிரப்பி, கிளாஸின் வெளிப்புறம் பனி படரும்வரை நீளக் கரண்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டிக் கடையுங்கள், அப்புறம் மேலே இன்னும் கொஞ்சம் ஐஸ், புதினா, துருவிய சாதிக்காய். டப்பா ஜூஸ் வேண்டவே வேண்டாம், பழத்தை அரைத்து வடிகட்டுங்கள்.

ஃபலர்னம் என்பது பார்படோஸின் எலுமிச்சை, இஞ்சி, கிராம்பு மணக்கும் பாகு. அது இல்லாவிட்டால் இஞ்சியும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு ஓரளவு ஈடுகொடுக்கும். மஞ்சள் சார்ட்ரூஸை மாற்றாக வாங்காதீர்கள், அது மென்மையானது, அன்னாசியின் புளிப்பில் காணாமல் போய்விடும்.