தர்மபுரி ஞாயிறு ஆராய்ச்சி வழிகாட்டல்: மூன்று மாதம் போன அனுபவம்

கணினி அறிவியலில் பிஎச்டி முடிக்கப்போகிறவர்களுக்காக தர்மபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு மாடியில் நடக்கிற வகுப்பு இது, நான் பாலக்கோட்டிலிருந்து காலை பஸ் பிடித்துப் போய் வந்தேன். உதவிப் பேராசிரியர் வேலைக்காக எழுதியிருந்த ஆராய்ச்சித் திட்டத்தை மேடம் வரி வரியாகப் படித்துவிட்டு, "செஞ்சதையே நாலு பக்கம் எழுதியிருக்கீங்க தம்பி, அடுத்த அஞ்சு வருஷம் என்ன செய்வீங்கன்னு ஒரு பத்திகூட இல்லையே" என்றார். கட்டிய பணம் அந்த ஒரு கேள்விக்கே தகும்.

நம் துறையில் நல்ல மாநாட்டுக் கட்டுரைக்கு ஜர்னலுக்கு இணையான மதிப்பு உண்டு என்பதை, கணினி அறிவியல் கட்டுரைகளைப் பட்டியலிடுகிற டிபிஎல்பி தளத்தைத் திறந்து பெரிய ஆராய்ச்சியாளர்கள் எங்கெங்கே வெளியிட்டிருக்கிறார்கள் என்று காட்டியே புரியவைத்தார்கள். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற ஒரு ஜர்னலில் என் முதல் கட்டுரை போய் விழுந்திருக்காது, இன்றும் வலிக்கிறது.

அப்புறம் மாதிரி நேர்காணல், கரும்பலகையில் இருபது நிமிடப் பாடம். அருமை.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டுக்குத் தரும் பயிற்சி மட்டும் சுமார். அதே தேர்வு வழியாக ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கிடைக்கிற மாதம் 37,000 ரூபாய் ஜேஆர்எஃப் உதவித்தொகையைக் குறிவைப்பவர்கள் அதற்குத் தனியாகத்தான் படிக்க வேண்டும். ஒரு குழுவில் இருபது பேர் என்பதும் அதிகம், பத்தாகக் குறைத்தால் நல்லது. சேருகிறவர்கள் எழுதி முடிக்காத வரைவு இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள்.