நான்கு வருட ஃபென்டன் அனுபவம்

வேஸ்ட் பேப்பரில் கிராஃப்ட் தாள் செய்யும் ஆலையில் கழிவுநீர்ப் பிரிவு என் பொறுப்பு. ஏரேஷன் டேங்க் (காற்றூட்டி நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கும் தொட்டி) தாண்டி வரும் தண்ணீரில் பிஓடி, அதாவது நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய கழிவின் அளவு, குறைந்திருக்கும். ஆனால் அந்த டிகாக்‌ஷன் நிறம் போகவே போகாது. சிஓடியும் (ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடிய மொத்தக் கழிவின் அளவு) எங்களுக்கு விதித்த லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இறங்காது. மிச்சம் நிற்பது பெரும்பாலும் மரநாரிலிருந்து வரும் லிக்னின். அதை நுண்ணுயிர்கள் லேசில் தொடுவதில்லை. அதற்காகத்தான் கடைசிக் கட்டமாக ஃபென்டன் என்னும் ரசாயன முறையைப் போட்டோம்.

பெரஸ் சல்பேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அமில நீரில் சேரும்போது உண்டாகும், தீவிரமாக வினைபுரியும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்தான் லிக்னினை உடைக்கிறது. முதல் பீக்கர் சோதனை இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் முதலில் கன்னங்கரேலென்று கறுத்தது. பயந்துபோனேன். அரை மணி நேரத்தில் வெளிறத் தொடங்கியது. சுண்ணாம்பு சேர்த்ததும் துரு நிறத்தில் திரிந்து அடியில் உட்கார, மேலே தெளிந்த நீர்.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 3-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 4-ஐத் தாண்டினால் இரும்பு படிந்துவிடும், பெராக்சைடு வெறும் ஆக்சிஜனாகப் போய்விடும். ஒருமுறை பிஎச் அளக்கும் எலெக்ட்ரோடில் ஜிப்சம் படிந்து, பேனலில் 3.1 என்று காட்டிக்கொண்டிருந்தது; கை மீட்டரை விட்டுப் பார்த்தால் 4.4. இரண்டு நாள் பெராக்சைடு வீண். இப்போது ஷிப்டுக்கு ஒருமுறை எலெக்ட்ரோடைக் கழுவுகிறோம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: மிஞ்சிய பெராக்சைடு சிஓடி சோதனையில் சிஓடியாகவே கணக்காகும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் மிஞ்சினால் கிட்டத்தட்ட 45 கூடும். முதல் மாதம் இது தெரியாமல், சிஓடி இறங்கவில்லையே என்று டோஸை ஏற்றினோம். அளவு இன்னும் ஏறியது. கசடு அடியில் படிய வேண்டிய கிளாரிஃபையர் தொட்டியிலும் அது குமிழியோடு மேலே மிதந்தது. பெராக்சைடு இருப்பதைக் காட்டும் ஸ்டார்ச் அயோடைடு தாளை நனைத்தபோது அது நீலமாக மாறிய பிறகுதான் காரணம் புரிந்தது. டோஸைக் குறைத்தோம், இரண்டும் சரியாயின.

இதற்கு நாங்கள் கொடுக்கும் விலை கசடுதான். கசடைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் முன்பைவிட அதிக நேரம் ஓடுகிறது. சல்பேட் சேர்வதால் டிடிஎஸ்ஸும் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) ஏறும். உப்பு நீக்கும் ஆர்ஓ வைத்திருப்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். நுண்ணுயிர்கள் வேலை செய்யும் பயாலஜிக்கல் கட்டம் இல்லாமல் நேரடிக் கழிவுநீரில் போட்டால் கெமிக்கல் செலவு கட்டுப்படியாகாது.

பெரஸ் சல்பேட் மழைக்காலத்தில் பழுப்பேறிவிடும். பழுப்பேறியதைப் போட்டால் வினை மந்தமாகிறது. அதனால் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டுமே வாங்குகிறோம். மூட்டையைப் பிரித்துப் பச்சை நிறத்தைப் பார்த்த பிறகுதான் இறக்குகிறோம்.