வினைச்சொல்லைத் தனியாக எழுதாத நோட்டு: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மதுரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிப்பவர்களின் நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இடப்பக்கம் ஆங்கில வினை, நடுவில் சமக்குறி, வலப்பக்கம் தமிழ்ப் பொருள். எக்ஸ்ப்ளைன் = விளக்கு. வெயிட் = காத்திரு. டிஸ்கஸ் = விவாதி. மூன்று வரியுமே சரிதான். ஆனால் இந்த மூன்றையும் மனப்பாடம் செய்தவர் வாய் திறந்தால் ‘எக்ஸ்ப்ளைன் மீ’, ‘வெயிட் மீ’, ‘டிஸ்கஸ் அபவுட் இட்’ என்று வருகிறது. பொருள் தெரியும், பக்கத்தில் எது வரவேண்டும், எது வரக்கூடாது என்பது அந்த நோட்டில் இல்லை.

வினையை அதோடு சேரும் ப்ரோனவுன், அட்ஜெக்டிவ், ப்ரிபோசிஷனோடு ஒரே துண்டாக எழுதும் முறையைச் சில ஆண்டுகளாக நடைமுறையில் வைத்திருக்கிறோம். கல்லூரி மாணவர்கள், சுங்குடிக் கடையில் விற்பனைக்கு நிற்பவர்கள், ஹோட்டல் ரிசப்ஷனில் இருப்பவர்கள், கோயிலைச் சுற்றிக்காட்டும் கைடுகள் என்று பலவகை ஆட்களுக்கு இது ஒத்துவருகிறது. எங்கே நன்றாக உழைக்கிறது, எங்கே சொதப்புகிறது என்பதை எழுதுகிறோம்.

முதலில் நோட்டு. கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். ஒரு வினைக்கு அரைப் பக்கம். மேலே வினையின் சட்டகம்: ‘எக்ஸ்ப்ளைன் சம்திங் டு சம்படி’. அதற்குக் கீழே மூன்று சொந்த வாக்கியம். ஒன்றில் பெயர்ச்சொல் வரவேண்டும், ஒன்றில் இட், ஹிம், தெம் போன்ற ப்ரோனவுன் வரவேண்டும், மூன்றாவது கேள்வியாக இருக்கவேண்டும். தனி வினைக்குத் தமிழ்ப் பொருள் எழுதக்கூடாது. முழு வாக்கியத்துக்குத் தமிழ் எழுதலாம். வாரத்துக்கு ஐந்தாறு வினை, அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் ஒருமுறை, வாரக் கடைசியில் ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை சட்டகத்தைக் கையால் மறைத்துவிட்டு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும். கண்ணால் படித்தால் மட்டும் ஒட்டாது.

இந்த மூன்று வாக்கியத்தில் ப்ரோனவுன் வாக்கியம்தான் உயிர். அதை விட்டுவிட்டு எழுதுகிறவர்களுக்கு முன்னேற்றம் பாதிதான். மீனாட்சி அம்மன் கோயில் வாசலில் செருப்பும் செல்போனும் ஒப்படைக்கிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணியிடம் ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’ என்றும் சொல்லலாம், ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஷூஸ் என்பதை தெம் ஆக்கிவிட்டால் வழி ஒன்றுதான்: ‘டேக் தெம் ஆஃப்’. ‘டேக் ஆஃப் தெம்’ வராது. போனுக்கும் அப்படியே: ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’, ‘ஹேண்ட் இட் ஓவர்’. ஆனால் அதே இடத்தில் ‘ஐ வில் லுக் ஆஃப்டர் தெம்’ என்று சொல்லும்போது தெம் கடைசிக்குப் போய்விடுகிறது. ‘லுக் தெம் ஆஃப்டர்’ கிடையாது. திரும்பி வந்ததும் ‘பிக் தெம் அப்’.

இரண்டு வகையையும் எப்படிப் பிரிப்பது? ஆஃப், அப், ஓவர் போன்றவை வினையோடு ஒட்டிய துணைச்சொற்களாக வரும்போது ப்ரோனவுன் நடுவில் உட்காரும், குரலின் அழுத்தம் துணைச்சொல்லில் விழும்: டேக் தெம் ‘ஆஃப்’. ஆஃப்டர், அட், ஃபார் போன்றவை ப்ரிபோசிஷனாக நின்றால் ப்ரோனவுன் அவற்றுக்குப் பின்னால் வரும், அழுத்தம் வினையிலேயே நிற்கும்: ‘லுக்’ அட் தெம், ‘வெயிட்’ ஃபார் மீ. நோட்டில் அழுத்தம் விழும் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டுவைத்தால் விதியை நினைவுகூர வேண்டிய அவசியமே வராது, காது சொல்லிவிடும். ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’, ‘புட் அப் வித் ஹிம்’ மாதிரி மூன்று துண்டாக வருபவற்றில் ப்ரோனவுன் எப்போதும் கடைசி.

ப்ரோனவுனில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ‘பிடிச்சிருக்கா?’, ‘கொண்டாந்துட்டியா?’, ‘குடுங்க, பார்க்கிறேன்’ என்று நாம் பேசும்போது ‘அதை’ என்பது வாயில் வருவதே இல்லை. தமிழுக்கு அது வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் ‘டிட் யூ லைக்?’, ‘டிட் யூ ப்ரிங்?’ என்று கேட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் இந்த இடங்களில் இட் இல்லாமல் வாக்கியம் நொண்டும். அதனால் சட்டகத்தில் ‘லைக்’ என்று எழுதாமல் ‘லைக் சம்திங்’ என்று எழுதும்போது அந்தக் காலி இடத்தை நிரப்பாமல் பேனா நகராது. இந்த முறையால் மிக விரைவாகச் சரியாகும் பிழை இதுதான்.

அட்ஜெக்டிவ் பகுதி மெதுவாகத்தான் சரியாகும். காரணம் நம் ‘ஆ’ விகுதி. ‘வேகமா ஓடுறான்’, ‘சோர்வா இருக்கான்’ இரண்டிலும் அதே ‘ஆ’. ஆங்கிலம் முதலாவதுக்கு க்விக்லி என்ற அட்வெர்பைக் கேட்கிறது, இரண்டாவதுக்கு டயர்ட் என்ற அட்ஜெக்டிவைக் கேட்கிறது. அதனால்தான் ‘ஐ ஃபீல் ஹாப்பிலி’, ‘இட் லுக்ஸ் ப்யூட்டிஃபுலி’ என்று எழுதுகிறார்கள். இதற்கு ஒரு சோதனை உண்டு. வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இஸ் போட்டுப் பாருங்கள். ‘த ஜிகர்தண்டா டேஸ்ட்ஸ் குட்’: இஸ் குட் என்றாலும் வாக்கியம் நிற்கிறது, ஆக அட்ஜெக்டிவ். ‘ஹி லுக்ட் ஆங்க்ரி’ என்றால் அவர் முகத்தில் கோபம் தெரிந்தது. ‘ஹி லுக்ட் அட் மீ ஆங்க்ரிலி’ என்றால் என்னைக் கோபமாகப் பார்த்தார். இங்கே இஸ் போட்டால் வாக்கியம் விழுந்துவிடும், எனவே அட்வெர்ப்.

வினைக்கும் அட்ஜெக்டிவுக்கும் நடுவில் ஒரு ஆளோ பொருளோ வரும் சட்டகமும் உண்டு: ‘கீப் சம்திங் க்ளீன்’, ‘மேக் சம்படி ஹாப்பி’, ‘சர்வ் சம்திங் கோல்ட்’. ‘கதவைத் திறந்து வை’ என்பது ‘ஓப்பன் அண்ட் கீப்’ ஆவது நம் ஊரில் தினமும் கேட்கிற ஒன்று. சரியானது ‘கீப் த டோர் ஓப்பன்’ அல்லது ‘லீவ் இட் ஓப்பன்’. மூடி வைப்பதற்கு ‘கீப் இட் க்ளோஸ்ட்’ என்று வருவதால், அதைப் பார்த்து ‘கீப் இட் ஓப்பன்ட்’ என்று போடக்கூடாது. ஓப்பன் தானே அட்ஜெக்டிவ். க்ளோஸ் என்பதற்கு இந்தப் பொருளில் க்ளோஸ்ட்தான் அட்ஜெக்டிவ். இதே வரிசையில் ‘ஐ ஃபைண்ட் இட் ஹார்ட் டு வேக் அப் ஏர்லி’ வகையும் சேரும். அந்த இட் எதையும் சுட்டவில்லை என்பதால் விட்டுவிடத் தோன்றும். விட்டால் பிழை.

ப்ரிபோசிஷனில் நடக்கும் தவறுகளுக்கு எல்லாரும் தமிழைத்தான் குறை சொல்வார்கள். பாதிதான் உண்மை. ‘எனக்குக் கொடுத்தார்’, ‘எனக்கு விளக்கினார்’ இரண்டும் தமிழில் ஒரே வேற்றுமை. ‘கேவ் மீ’ சரி என்பதால் ‘எக்ஸ்ப்ளைன்ட் மீ’யும் சரி என்று கை எழுதிவிடுகிறது. கிவ், செண்ட், ஷோ, டெல், டீச் ஆகியவற்றுக்கு ஆள் நேராகப் பக்கத்தில் வரலாம். எக்ஸ்ப்ளைன், சே, சஜெஸ்ட், டிஸ்க்ரைப், மென்ஷன் ஆகியவற்றுக்கு டு இல்லாமல் ஆள் வராது. ‘மேரிட் வித்’ என்று வருவதற்கு நம் ‘ஓடு’ உருபு காரணம்; ஆங்கிலத்தில் ‘மேரிட் டு’.

மீதிப் பாதிக்குக் காரணம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு உரிய ப்ரிபோசிஷன் வினைக்குள் கசிந்துவிடுகிறது. ‘எ டிஸ்கஷன் அபவுட் ஃபீஸ்’ சரி, ‘டிஸ்கஸ் அபவுட் ஃபீஸ்’ தவறு. ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி, வினையாகும்போது ‘ரிக்வெஸ்ட் லீவ்’. ‘ஆன் ஆர்டர் ஃபார் டூ காஃபீஸ்’, ஆனால் ‘ஆர்டர் டூ காஃபீஸ்’. ‘எம்ஃபசிஸ் ஆன்’, ஆனால் ‘எம்ஃபசைஸ்’ தனியாக. இந்த ஜோடிகளை நோட்டில் எதிரெதிர் பக்கங்களில் எழுதுவதுதான் நாங்கள் பார்த்தவரை பலன் தரும் ஒரே வழி. உள்ளூர் அலுவலக மெயிலில் ‘டிஸ்கஸ் அபவுட்’ எழுதினால் யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் ஆங்கிலத் தேர்வுத் தாளில் மதிப்பெண் போகும்.

சட்டகம் எங்கிருந்து எடுப்பது? லேர்னர்ஸ் டிக்ஷனரியில், அதாவது ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அகராதியில் இருந்துதான். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் கிடைப்பது பெரும்பாலும் பொருள் மட்டுமே. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் சகாக்களோடு தொகுத்த இந்த வகை அகராதி 1942-இல் டோக்கியோவில் வந்தது, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. வினைகள் வாக்கியத்தில் நிற்கும் விதங்களை அவர் 25 அமைப்புகளாகப் பிரித்திருந்தார். இன்றைய அகராதிகளில் அந்த எண்கள் போய், ‘எஸ்பி’ (சம்படி) என்றால் ஆள், ‘எஸ்டிஎச்’ (சம்திங்) என்றால் ஏதோ ஒரு பொருள் என்ற சுருக்கங்கள் வந்துவிட்டன. இரண்டு பக்கமும் தலை உள்ள சிறு அம்புக்குறி இருந்தால் பெயர்ச்சொல் அந்தத் துணைச்சொல்லுக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம் என்று பொருள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பொருளுக்கு முன்னால் படியுங்கள்.

குறைகளும் உண்டு. வேகம் குறைவு, அடுத்த வாரம் இன்டர்வியூ இருப்பவருக்கு இது உதவாது. ஒரே நாளில் இருபது வினை எழுதி நிரப்புகிறவர்கள் மாதக் கடைசியில் வெறும் கையோடு நிற்கிறார்கள். புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட் என்று ஒரே வினையின் கூட்டுகளை ஒரே பக்கத்தில் அடுக்கினால் ஒன்றோடொன்று குழம்பும். கடை, பயணம், வகுப்பறை, சமையல் என்று சூழலை வைத்துப் பிரித்து எழுதுவதே நல்லது. போனில் நோட்ஸ் ஆப்பில் எழுதுவது தேடுவதற்கு வசதி, மனதில் தங்குவதற்குத் தாள்தான். மேலும் ‘புட் ஆஃப்’ ஏன் தள்ளிப்போடுவது ஆனது என்பதற்கு எந்தச் சட்டகமும் பதில் சொல்லாது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகவேண்டும்.

கெட் என்ற வினைக்கு மட்டும் அரைப் பக்கக் கணக்கு செல்லாது. ‘கெட் டயர்ட்’ என்று அட்ஜெக்டிவோடு வரும், ‘கெட் இட் ரெடி’ என்று நடுவில் ப்ரோனவுனோடு வரும், ‘கெட் டு மாட்டுத்தாவணி’ என்று ப்ரிபோசிஷனோடு வரும். பஸ்ஸில் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. ஆட்டோவில் ஏறுவது ‘கெட் இன்’, இறங்குவது ‘கெட் அவுட்’. நம்மவர்கள் இரண்டிலிருந்தும் இறங்குவதற்கு ‘கெட் டவுன்’ என்பார்கள். நோட்டு வாங்கிய அன்றே கடைசி நான்கு பக்கத்தை கெட்டுக்கு என்று மடித்து வைத்துவிடுங்கள்.