வருமானக் கோடா, இல்லாமைக் கணக்கா: தோட்டப்புறத்துக்கு எது பொருந்தும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வரும் ஒரு தமிழ்ப்பள்ளியின் கல்வி உதவி நிதியை எந்தக் குடும்பங்களுக்கு முதலில் வழங்குவது என்று முடிவு செய்யும் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். ஏழ்மையை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி எங்களுக்கு அங்கேதான் எழுந்தது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன: அரசாங்கம் நிர்ணயிக்கும் வறுமைக் கோட்டு வருமானம்; நாட்டின் நடுநிலை வருமானத்தில் (குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்) பாதியைக்கூட எட்டாதவர்களை ஏழைகளாகக் கொள்ளும் ஒப்பீட்டு வறுமை; கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் ஒரு குடும்பத்துக்கு எவையெல்லாம் இல்லை என்று எண்ணும் பல்பரிமாண வறுமைக் குறியீடு. மூன்றாவதைச் சில மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டோம். அதுவே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பீட்டு வறுமையை அதிகம் ஆராயத் தேவையில்லை. 2022இல் மலேசியக் குடும்பங்களின் நடுநிலை மாத வருமானம் 6,338 ரிங்கிட். அதில் பாதி 3,169 ரிங்கிட். நாட்டின் ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள இது நல்ல அளவுகோல். ஆனால் தோட்டத்தையே நம்பியிருக்கும் ஓர் ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் இந்த எல்லைக்கு அருகிலேயே இருப்பதால், யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு அது பதில் தருவதில்லை.

வறுமைக் கோட்டு வருமானத்தின் நிலை வேறு. 1970களிலிருந்து நாட்டின் வறுமைக் கணக்கு இதன் மேல்தான் நிற்கிறது. சமூக நல இலாகாவுக்கும், ஏழைக் குடும்பங்களுக்கான அரசாங்கத் தரவுத்தளமான இ-காசிஹ் பதிவேட்டைக் கையாளும் அதிகாரிகளுக்கும் பழக்கமான மொழியும் இதுவே. 2019 ஆகஸ்டில் மலேசியா வந்த தீவிர வறுமை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், 0.4 விழுக்காடு என்ற அதிகாரபூர்வக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு அரசாங்கம் கணக்கிடும் முறையைத் திருத்தியது. மாதம் 980 ரிங்கிட்டாக இருந்த சராசரிக் கோடு 2,208 ரிங்கிட்டானது. அதன்படி 2019ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு, அதாவது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். 2022இல் கோடு 2,589 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தே லட்சக்கணக்கான குடும்பங்கள் ஏழைகளாகவோ ஏழைகள் அல்லாதவர்களாகவோ ஆகிவிடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இருந்தாலும் நாங்கள் அதைத் தள்ளி வைத்ததற்குக் கோட்டின் உயரம் காரணமல்ல. திரட்டிய தகவல் எத்தனை காலம் உண்மையாக இருக்கும் என்பதே எங்களுக்கு முடிவைத் தீர்மானித்த கேள்வி. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

தோட்டப்புறத்தில் மாத வருமானம் என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்வது கடினம். மழை பெய்தால் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, முடியாது. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறைந்துவிடும். செம்பனையிலும் குலை மிகுந்து வரும் காலம் உண்டு, வறண்ட காலமும் உண்டு. குத்தகையாளரிடம் வேலை செய்பவர்களில் பலருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. கணவனும் மனைவியும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை முழுதாகப் பெறும் மாதத்தில் குடும்ப வருமானம் 3,400 ரிங்கிட்டாகி, அந்தக் குடும்பம் கோட்டைத் தாண்டி நிற்கும். மனைவி பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டாலோ, கணவன் முதுகுவலியால் சில வாரங்கள் படுத்துவிட்டாலோ அதே குடும்பம் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். மூத்த மகன் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கினால் மறுபடியும் மேலே போகும். எந்த மாதத்தில் கேட்கிறோமோ அந்த மாதத்துப் பதில்தான் நமக்குக் கிடைக்கிறது.

புள்ளியியல் துறைகூடக் குடும்ப வருமான ஆய்வை வழக்கமாக ஐந்தாண்டுகளில் இரண்டு முறைதான் நடத்துகிறது. வேலை முடிந்த மாலை நேரங்களில் வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர்களால் வருமானக் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்த்துப் புதுப்பிக்க இயலாது. புதுப்பிக்காத வருமானக் கணக்கோ கணக்கே இல்லாததைவிடத் தீமை செய்யும். ஏனெனில் பழைய எண்ணை நம்பி, இன்று உதவி தேவைப்படும் குடும்பத்தை விலக்கிவிடுகிறோம். மேலும், உதவிக்காக வருமானத்தைக் கேட்கும்போது, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஒரு சங்கடம் வந்து நிற்கிறது. குறைத்துச் சொல்பவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இல்லாமைகளின் பட்டியல் அப்படிச் சீக்கிரம் பழையதாவதில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீடு அடுத்த ஆண்டும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். வீட்டில் எவருமே இடைநிலைப்பள்ளியை முடிக்கவில்லை என்ற நிலை ஒரு பருவத்தில் மாறாது. ஒழுகும் கூரையையும் குழாய் இல்லாத சமையலறையையும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை கவனமாகத் திரட்டிய பட்டியலில், பிறகு மாறிய சில வரிகளை மட்டும் திருத்தினால் போதும். எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு இந்தப் பராமரிப்பு எளிமைதான் எல்லாவற்றையும்விட முக்கியமாக இருந்தது.

பல்பரிமாணக் குறியீட்டிலும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சபினா அல்கயர், ஜேம்ஸ் ஃபாஸ்டர் ஆகியோர் உருவாக்கிய முறையின் அடிப்படையில் 2010இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட உலகக் குறியீடு, சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்று பிரிவுகளில் பத்து அளவைகளைக் கொண்டது. அவற்றுக்குத் தரப்படும் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இல்லாமை இருந்தால் அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம். ஆனால் மின்சாரமும் சமையல் எரிவாயுவும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருக்கும் இங்கே அந்த அளவைகள் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அரசாங்கத்தின் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டமான பதினோராவது மலேசியத் திட்டத்தில் அறிமுகமான மலேசிய வடிவம் கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத் தரம், வருமானம் என்று நான்கு பிரிவுகளும் பதினோரு அளவைகளும் கொண்டது. வருமானத்தைக் கைவிடாமல் நான்கில் ஒன்றாக வைத்துக்கொள்வதும், ஓர் அறைக்கு இத்தனை பேர், மருத்துவ நிலையம் இத்தனை தூரம், குப்பை அள்ளும் வசதி என்று இந்நாட்டுக்குரிய கேள்விகளைக் கேட்பதும் அதன் பலம். எங்கள் பட்டியலை இதன் மேல்தான் அமைத்தோம்.

அதிலும் தோட்டத்துக்கு மிக அவசியமான ஒன்று இல்லை: வீடு யாருடையது என்ற கேள்வி. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதித்தது. ஆகவே கல்வீடும் குழாய்நீரும் இழுப்புக் கழிவறையும் உள்ள தோட்ட வீடு குறியீட்டின் கேள்விகளில் எளிதாகத் தேறிவிடும். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை ஓய்வு வந்தாலோ, தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமானாலோ, அந்தக் குடும்பம் வெளியேற வேண்டியதுதான். முப்பது ஆண்டுகள் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) வாழ்ந்து, சொந்தமாக ஒரு கூரைகூட இல்லாமல் பட்டணத்து வாடகை வீட்டுக்குப் போகும் குடும்பத்தை வளமான குடும்பம் என்று எந்தக் கணக்காவது சொன்னால், அந்தக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். எனவே சொந்த வீடோ நிலமோ உண்டா என்பதையும், வீட்டில் எவருக்காவது பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டாவது கேள்வி பள்ளி நிதிக்கு நேரடியாகத் தொடர்புடையது. பத்திரமில்லாத பிள்ளைக்கு ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு தேர்வும் ஒரு தடை.

இந்த முறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். எந்த இல்லாமைக்கு எவ்வளவு எடை என்பதில் எங்களுக்குள் முழு உடன்பாடு வரவில்லை. குப்பை அள்ளாததும் பிள்ளை பள்ளிக்குப் போகாததும் எந்தக் கணக்கிலும் சமமாக முடியாது. நோயை இது சரியாகப் பிடிப்பதில்லை. மலேசியக் குறியீட்டின் சுகாதாரப் பிரிவு மருத்துவ நிலையத்தின் தூரத்தையும் தூய நீரையும் கேட்கிறது. நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதடைந்து, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் தகப்பனைப் பற்றிக் கேட்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகளைப் பட்டியலுக்கு வெளியே தனியாகக் குறித்து வைத்திருக்கிறோம். அது போதுமா என்று சொல்ல எங்கள் அனுபவம் போதவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் குடும்பங்களிலும் இதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

பிள்ளைகள் இல்லாமல் தனித்து வாழும் முதியவர்களுக்கு மட்டும் வருமானக் கோடே மேல் என்று நினைக்கிறேன். பள்ளி வருகையும் அறை நெருக்கடியும் அவர்களுக்குப் பொருந்தாததால் இல்லாமைகளின் எண்ணிக்கை குறைந்து, கையில் காசே இல்லாத ஒரு பாட்டி பட்டியலின் அடியில் போய்விடுவார். அவர்களுடைய வருமானமும் பெரும்பாலும் சமூக நல இலாகாவின் மாத உதவியும் பிள்ளைகள் எப்போதாவது கொடுப்பதும்தான் என்பதால், அதைக் கேட்டு எழுதுவதும் எளிது. கோயில் வழியாகத் தரும் அரிசி, மளிகை உதவிக்கு இந்த முதியவர்களை வருமானத்தை மட்டும் வைத்தே தேர்ந்தெடுக்கிறோம். பள்ளி நிதிக்குப் பல்பரிமாணப் பட்டியலே நீடிக்கிறது.