பனித்தட்டின் மேல் நிற்பது எப்படி: ஹாலி 6-ஆ, நொய்மாயர் 3-ஆ?

அண்டார்டிகாவில் பனித்தட்டின் மேல், அதாவது கரையை ஒட்டிக் கடலில் மிதக்கும் பெரிய பனிப்பாளத்தின் மேல், ஆய்வு நிலையம் கட்டுகிறவர்களுக்கு இரண்டு தலைவலிகள். கொட்டுகிற பனி உருகாமல் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். காலடியில் இருக்கும் தட்டோ கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். பிரிட்டனின் ஹாலி நிலையம் 1956-இல் தொடங்கியது. அதன் முதல் நான்கு கட்டடங்களும் பனியில் புதைந்து நசுங்கின. இந்தியாவின் தக்ஷிண் கங்கோத்ரியும் பனியில்தான் புதைந்தது.

முதல் தலைவலிக்கு ஜெர்மனியின் நொய்மாயர் 3-ஐ விட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. 2009-இல் திறந்த இந்தக் கட்டடத்தின் எடை சுமார் 2,300 டன். 16 ஹைட்ராலிக் கால்கள் தாங்குகின்றன. உயர்த்தும் நேரத்தில் ஒரு காலை மட்டும் மேலே இழுத்துக்கொள்வார்கள். பாரத்தை மற்ற கால்கள் சுமக்கும். தூக்கிய காலின் அடியில் பனியைத் தள்ளி, கெட்டிப்படுத்தி, மறுபடி ஊன்றுவார்கள். அப்புறம் அடுத்த கால். எல்லாம் முடிந்ததும் மொத்தக் கட்டடத்தையும் ஜாக்கி போல மேலே தள்ள வேண்டியதுதான். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். வண்டிகள் நிற்கும் கராஜ் பனிக்குள்ளேயே இருக்கிறது. குளிர்காலத்தில் ஒன்பது பேரே தங்கும் இடத்தில் அது பெரிய சௌகரியம். எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் பராமரிப்பும் சுலபம்.

ஆனால் தட்டே பிளந்தால்? இவ்வளவு பெரிய ஒற்றைக் கட்டடத்தை இழுத்துக்கொண்டு போக முடியாது. இங்கேதான் ஹாலி 6 முந்துகிறது. 2013-இல் முறைப்படி திறந்த அது எட்டுத் தனித்தனி அறைத்தொகுதிகள்: ஏழு நீலம், ஒன்று சிவப்பு. கால்களின் அடியில் பனிச்சறுக்குப் பலகைகள். பல பத்தாண்டுகள் அசையாமல் கிடந்த ஒரு பிளவு 2012-இல் வளரத் தொடங்கியது. 2016-17 கோடையில் இணைப்புகளைக் கழற்றி, ஒவ்வொரு தொகுதியாக டிராக்டர் கட்டி 23 கிலோமீட்டர் உள்ளே இழுத்துப் போனார்கள். 2023 ஜனவரியில் அந்தப் பிளவின் வழியே சுமார் 1,550 சதுர கிலோமீட்டர் பனி உடைந்து பிரிந்தது. நிலையம் முன்பு நின்ற இடமும் அதோடு போய்விட்டது.

பாறை கிடைத்தால் இந்தப் பாடே வேண்டாம். 2012-இல் 134 கப்பல் கண்டெய்னர்களைக் கொண்டு கட்டிய நம் பாரதி நிலையம் பாறைமேல்தான் நிற்கிறது. ஆனால் எல்லா ஆய்வையும் பாறை இருக்கும் இடத்துக்கு மாற்ற முடியாதே. ஹாலியில் 1956 முதல் ஓசோனை அளந்துவருகிறார்கள். 1985-இல் ஓசோன் ஓட்டையை உலகுக்குச் சொன்னது அந்தப் பதிவு. அதே இடத்துத் தொடர் அறுந்தால் திரும்பக் கிடைக்காது.

என்னைக் கேட்டால், தட்டு நிலையாக இருக்கும் இடத்தில் நொய்மாயர் முறைதான். பிளவுகள் தெரிந்த இடத்தில் செலவு கூடினாலும் ஹாலி முறை. அதுவும் கட்டடத்தைத்தான் காப்பாற்றியது, குளிர்காலத்தை அல்ல: அடுத்த விரிசல் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாததால் 2017 முதல் குளிர்காலத்தில் அங்கே ஆளில்லை. இருட்டில் ஒரு சிறு டர்பைன் மட்டும் ஓடி கருவிகளுக்கு மின்சாரம் தருகிறது.